சமையலறை சாட்சி

"ஒண்ணுகூட உயிரோட இல்லையா? நல்லாத் தட்டிப் பாத்தியாம்மா?"

போனைக் காதில் அழுத்திக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார் பூச்சியியல் விஞ்ஞானி. தெருவில் அவருக்குக் கரப்பான் டாக்டர் என்று பெயர். மறுமுனையில் ஆய்வக உதவியாளர் அழாத குறையாகப் பேசினாள்.

"கூண்டையே கவுத்துப் பாத்துட்டேன் சார். எல்லாம் மல்லாந்து கெடக்கு. நாளைக்குப் பெரிய மனுஷங்க வராங்கன்னு ஆபீஸ்ல யாரோ ஆளைக் கூப்பிட்டுக் கட்டடம் முழுக்கப் பூச்சி மருந்து அடிச்சிட்டாங்க."

"அடப்பாவிகளா! பூச்சி ஆராய்ச்சி பண்ற இடத்துலயா?"

கூண்டிலேயே பிறந்து, பிஸ்கட் தின்று, தலைமுறை தலைமுறையாகச் செல்லமாக வளர்ந்த கரப்பான்கள்.

ஆயுள் முழுக்க உழைத்து அவர் கண்டுபிடித்த மருந்து, பட்டாணி அளவு உருண்டை. மூலையில் வைத்தால் போதும். தின்ற கையோடு கரப்பான் காலி. நாளைக் காலை அனுமதி வழங்கும் குழுவின் கண்ணெதிரே கரப்பான்கள் அதைத் தின்று சாகவேண்டும். சாகாவிட்டால், இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறும் அவரோடு மருந்தும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"நம்ம வீட்ல தேடலாமா?" என்று மனைவியிடம் கேட்டவர், கேட்ட வேகத்தில் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கேர்ந்து இருக்கும்? வருஷக்கணக்கா என் மருந்தை வெச்சு ஒண்ணு பாக்கியில்லாம ஒழிச்சாச்சே! குழுகிட்ட நம்ம சமையலறையைத்தானே சாட்சியாக் காட்டியிருக்கேன்!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்களேன்."

ஜாடி எடுக்கச் சமையலறைக்கு ஓடியவர், அதன் வாசலில் எப்போதும் கிடக்கும் அவளுடைய ஒற்றைச் செருப்பில் தடுக்கி விழப்பார்த்தார்.

"ஜோடி தொலைஞ்சு எத்தனை காலமாச்சு! இதைத் தூக்கிப் போட்டா என்ன?"

"இருக்கட்டும். ராசியான செருப்பு."

எதிர்வீட்டு அம்மாளிடம்தான் முதலில் போனார். "உங்க வீட்ல கரப்பான் இருந்தா ரெண்டு தர முடியுமா?"

"என்ன சார், எங்க வீட்டைப் பாத்தா குப்பைமேடு மாதிரி இருக்கா? தரையில சோத்தைக் கொட்டிச் சாப்பிடலாம், தெரியுமா?"

அவள் காலுக்குப் பின்னால் ஒன்று குடுகுடுவென்று ஓடியது. அவர் தாவுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

மாடிவீட்டு வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு முறைத்தார். "எங்க வீட்ல கரப்பான் இருக்குன்னு யார் சொன்னது? ஆதாரம் இருக்கா?"

தெருமுனை ஓட்டல்காரர் இன்னும் மோசம். "சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், மெதுவாப் பேசுங்க. சாப்பிடறவங்க காதுல விழுந்துடப்போகுது" என்று கையில் ஒரு காப்பியைத் திணித்து அனுப்பிவிட்டார்.

காலி ஜாடியோடு திரும்பியவர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். "கரப்பான் இல்லையேன்னு அழற முதல் ஆளு உலகத்துலயே நானாத்தான் இருப்பேன்."

இடிந்துபோன புருஷனைப் பார்க்க மனைவிக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "காலையில கிடைக்கும். நிம்மதியாப் போய்ப் படுங்க" என்று ஜாடியை வாங்கிக்கொண்டாள்.

காலையில் அவர் எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் ஜாடி இருந்தது. உள்ளே மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு கூட்டமே ஊர்ந்தது.

"அடடா, என் தங்கமே!" என்று கூவினார். மனைவியைச் சொன்னாரா, கரப்பானைச் சொன்னாரா என்று தெரியவில்லை. "எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு! யார் வீட்ல பிடிச்சே?"

வெளியே கிளம்பத் தயாராக நின்ற மனைவி கொஞ்சம் தயங்கினாள்.

"நம்ம வீட்லதாங்க. உங்க உருண்டையைச் சுத்தித்தான் எப்பவும் கூட்டம். அதைத் தின்னுதான் இப்படிக் கொழுத்திருக்கு. உங்க ஆபீஸ் கரப்பானுக்கு வேணா அது விஷமா இருக்கலாம்."

"அப்போ… இத்தனை வருஷமா நான் இங்க ஒண்ணைக்கூடப் பாக்கலையே?"

"நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் எந்திரிக்கிறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? மருந்து வேலை செய்யுதுன்னு குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டீங்க. சொல்ல மனசு வரலை."

அவர் கண் கலங்கி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, எதுக்குக் கவலைப்படறீங்க? நானும் வரேன்" என்றபடி அவள் சமையலறை வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "குழுவை மட்டும் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்ப வெச்சிடுங்க, போதும்."