முப்பத்தோராம் நாள் பாட்டு

"வாசிச்சது போதும். புத்தகத்தை மூடும்."

வாசலில் நின்றவர் சண்முகரத்தினம். எழுபத்து நான்கு வயதிலும் முதுகு வளையாதவர். கையில் அச்சகத்திலிருந்து வந்த நான்கு தாள்கள்.

பிரிக்பீல்ட்சில் அந்த மாடி அறையில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடி, எழுநூறு ஆண்டுப் பழமையான ஓர் இத்தாலியக் காவியத்தைத் தமிழில் வாசித்து வந்தார்கள். ஒரு கவிஞன் உயிரோடு நரகத்துக்குள் இறங்கி, மலையேறி, சொர்க்கம் வரை போகும் கதை. வாசித்து விளக்குபவர் குகன், கிள்ளானில் தமிழாசிரியர்.

"அங்கிள், நரகத்துல பாதி வழியில நிக்கிறோம். நீங்களும் வந்து உட்காருங்க லா," என்றார் உஷாராணி.

"நீங்கள் நரகத்தில எவ்வளவு காலம் வேணுமெண்டாலும் இருங்கோ. என்ர அம்மாவை இவர் எங்க கொண்டுபோய் விட்டிருக்கிறார் எண்டு கேளுங்கோ."

குகனுக்கு இப்போதுதான் விளங்கியது. சண்முகரத்தினத்தின் தாயார் குணேஸ்வரி அம்மாள் தொண்ணூற்றைந்து வயதில் காலமாகி மாதம் ஆகப்போகிறது. திங்கட்கிழமை முப்பத்தோராம் நாள். அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில், இறந்தவரைப் பாடும் 'கல்வெட்டு' இருக்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். சண்முகரத்தினத்தின் கடைசித் தங்கை ராஜினி கேட்டதால் குகன் எழுதிக் கொடுத்தார். எல்லார் வீட்டுக்கும் பொருந்தும் பாட்டாக இருக்கக்கூடாது என்று, இந்தக் காவியத்தின் போக்கிலேயே, அம்மாள் நரகத்தைக் கடந்து, மலையேறி, சொர்க்கம் சேர்வதாக இருபது பாட்டு.

"ராஜினி அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது அங்கிள்."

"அவள் கடைசிப் பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்? அச்சடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லிப்போட்டுத்தான் வாறன். திருத்தித் தாரும். இல்லாட்டி கல்வெட்டே வேண்டாம். எங்கட குடும்பத்தில அப்பிடி ஒரு நாளும் நடந்ததில்லை. நடந்தால் நடக்கட்டும்."

இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது. குகனுக்கும் கோபம் ஏறியது.

"அம்மா நரகத்துல நிக்கல அங்கிள், தாண்டித்தான் போறாங்க. வேணும்னா அந்த ஏழு பாட்டையும் எடுத்துடுறேன்."

"நரகம் இருக்கட்டும்."

"அப்ப மலையா? வெள்ளைக்காரன் கதைன்னு கோயில்ல பேசுவாங்கன்னு பாக்குறீங்களா?"

"என்னைப் பற்றிக் கோயில்ல பேச ஒருத்தனுக்கும் வாய் இல்லை. மலையும் இருக்கட்டும்."

"பிறகு என்னதான் வேணும்? எதை வேணும்னாலும் வெட்டுங்க, கடைசி ரெண்டு பாட்டுல மட்டும் கை வைக்காதீங்க. ஸ்டேசன் மாஸ்டர் கனகசபை, உங்க அப்பா, இருபத்து மூணு வருஷமா சொர்க்க வாசல்ல காத்து நிக்கிறார். அம்மா வந்ததும் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போறார். கோயில் தலைவரா இருந்தவர், மண்டபத்துல படம் மாட்டியிருக்கிற மனுஷன். உங்க குடும்ப மரியாதைக்குத்தான் அதை எழுதினேன். படிச்சா பிரிக்பீல்ட்சே அழும்."

சண்முகரத்தினம் தாள்களை மடித்துக்கொண்டார். உஷாராணியையும் மற்றவர்களையும் பார்த்தார்.

"கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

"அங்கிள், நாங்க..."

"வெளியில."

எல்லாரும் படியிறங்கும் வரை அவர் வாசலில் நின்றார். கதவைத் தாமே சாத்தினார். திரும்பியபோது குரல் தாழ்ந்திருந்தது, கோபம் தாழவில்லை.

"அந்த மனிசன் அடிச்ச தழும்பு ஊருக்குத் தெரியக்கூடாதெண்டு, அவரோட வாழ்ந்த ஐம்பத்திரண்டு வருசமும் இந்த வெக்கையில என்ர அம்மா முழுக்கைச் சட்டை போட்டவ. அந்தக் கையைத்தான் நீர் திரும்பவும் அவரிட்டப் பிடிச்சுக் குடுத்திருக்கிறீர்."