கை எட்டும் தூரம்

புருஷன் படகு கவிழ்ந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள்.

முகத்துவாரத்தில் இரண்டு அலைகள் சேர்ந்து எழும்பின. படகு மூக்கைத் தூக்கி ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே குப்புற விழுந்தது.

கரையில் ஊரே இருந்தது. ஆண்கள் கிழிந்த வலைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகமும் கடலைப் பார்த்துத்தான் இருந்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் மதியழகனிடம் ஓடினாள். கூடப் பிறந்த அண்ணன். அவன் கையிலிருந்த ஊசி வலைக்குள் போய் வந்துகொண்டே இருந்தது.

ஆவணியிலிருந்து அவளோடு ஊர் பேசுவதில்லை.

அவள் தெருத்தெருவாய்ப் போய் மீன் விற்கிறவள். நல்ல மீன் கேட்கும் வீடுகளுக்கு வெறுங்கூடையோடு போய்ப் போய் அலுத்திருந்தாள். அன்றைக்கு ஊர்ச் சுருக்குமடி வலையில் வந்ததெல்லாம் அயிலைக் குஞ்சு, மத்திக் குஞ்சு. விரல் நீளம்கூடத் தேறாது. குழம்புக்கு ஆகாது. கோழித் தீவனத்துக்கென்று மண்வெட்டியால் வாரி லாரியில் போட்டார்கள். அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்து வாரிப் போடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

மீன்துறைக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள்.

வந்தார்கள். அரசாங்கம் தடை செய்த வலை. ஊரே சேர்ந்து வாங்கியது. சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வந்தவர்களில் ஒருவர் ஜீப்பில் ஏறும்போது, போன் செய்தது யார் என்பதையும் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் பஞ்சாயத்து கூடியது. அவளோடு யாரும் பேசக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக் கூடாது. அவள் புருஷன் வீரமணி அவளைத் தள்ளி வைத்தால் அவனுக்கு ஊர் உண்டு. இல்லையென்றால் அவனுக்கும் இதே கட்டுப்பாடு.

"அவ சொன்னதுல என்ன பொய் இருக்கு?" என்று சபையில் கேட்டுவிட்டு அவன் வீட்டுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் படகில் ஏற ஆள் இல்லை. ஐஸ் இல்லை. அவன் மீனை ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. தனியாகவே போனான். குஞ்சு சிக்காத பெரிய கண்ணி வலை போட்டு, கிடைத்ததைக் கொண்டு வந்தான். அவள் அதை பஸ்ஸில் வெளியூருக்கு எடுத்துப் போய் விற்றாள். வீட்டில் அவன் நிறையப் பேச ஆரம்பித்திருந்தான். ஊர் பேசாததையெல்லாம் தானே பேசித் தீர்த்துவிடுகிறவன்போல.

இப்போது அவன் தலை தெரிந்தது. கவிழ்ந்த படகின் முதுகைக் கட்டிப் பிடித்திருந்தான். அலை வந்தது. தலை மறைந்தது. வெகுநேரம் கழித்துத் தெரிந்தது.

அவள் அண்ணன் காலில் விழுந்தாள்.

"நான் பண்ணது இருக்கட்டும், அண்ணே. அந்த மனுசன் என்ன பண்ணாரு?"

மதியழகன் அவளைப் பார்க்கவில்லை. ஊர்த்தலைவரைப் பார்த்தான்.

தலைவர் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். தலையசைத்தார்.

உடனே மதியழகனும் நாலைந்து பேரும் ஓடிப்போய் ஒரு படகைத் தள்ளினார்கள். தலைவரும் ஏறிக்கொண்டார். அவள் கைகூப்பி நின்றாள். என்ன இருந்தாலும் நம் ஜனம் என்று நினைத்தாள். அழுகை வந்தது.

படகு அவனிடம் போய்ச் சேர்ந்தது.

நின்றது.

அவன் கையை நீட்டினான். யாரும் பிடிக்கவில்லை. கை எட்டும் தூரம்தான். எஞ்சினில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தாள். தலைவர் விளிம்பில் குனிந்து அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக. கோயில் வாசலில் நின்று கேட்பதுபோல.

அவன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

ஓர் அலை அவன் மேல் ஏறிப் போனது. படகு கொஞ்சம் விலகி, அலை கடந்ததும் திரும்ப வந்து, அதே தூரத்தில் நின்றது.

தலைவர் மறுபடி குனிந்தார்.

அவன் மறுபடி தலையை ஆட்டினான். இந்தத் தடவை மெதுவாக.

கரையில் கூடைக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவள் கடலுக்குள் இறங்கி ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள்.

"சரின்னு சொல்லு. சரின்னு சொல்லிடுய்யா."

வாடைக்காற்று எதிரே அடித்தது. கத்தியதெல்லாம் அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. அவனுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.

அவன் வாய் அசைந்ததை மட்டும் பார்த்தாள்.

மதியழகனின் கை நீண்டது. அவனைத் தோளோடு பிடித்துத் தூக்கிப் படகில் போட்டது.

கரைக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். யாரோ துண்டு கொடுத்தார்கள். யாரோ கடையிலிருந்து டீ வாங்கி வந்தார்கள். "குனிஞ்சு கக்கிடு மாப்ளே" என்று முதுகைத் தடவினார்கள். அவன் உப்புத் தண்ணீராகக் கக்கினான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஈரப் புடவையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் முழங்காலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"வேற எங்கயாச்சும் அடிபட்டிருக்கா?"

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

அவன் டீயை ஊதினான். ஒரு வாய் குடித்தான். அவள் தலைக்கு மேலாகக் கடலைப் பார்த்தான்.

"எஞ்சினை எடுத்துரலாமா?" என்று பொதுவாகக் கேட்டான்.

"எடுத்துரலாம், எடுத்துரலாம்" என்று ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.