உரலில் தண்ணீர்

ஆவடியில் பட்டாளம் வந்திறங்கிய கோடையில், கொசு ஒழிப்பு இன்ஸ்பெக்டர் வாராவாரம் ஒவ்வொரு வீட்டுப் புழக்கடையையும் சோதித்தார். வரதன் வீட்டு உரலில் மட்டும் எப்போதும் தண்ணீர் தேங்கியிருந்தது.

"கொசு முட்டை போடும்னு எத்தனை தடவை சொல்றது பெரியவரே?" என்று கடிந்துகொண்டு, வரதனின் மகள் வசந்தா நீட்டிய மோரைக் குடித்துவிட்டுப் போனார் அந்த இளைஞர்.

உரலைத் தினமும் துடைத்து வைப்பவர் வரதன்தான். அவருக்கு வசந்தா மேல் சந்தேகம் வந்தது. அடுத்த வாரம், இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று விடியற்காலையில் வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினார்.

குடத்தோடு வந்தவள் அவர் மனைவி பொன்னம்மாள்!

"இன்னாடி பண்றே?"

"கத்தாதேய்யா. விசாரிச்சுட்டேன், புள்ள நம்ம ஜனந்தான். இன்னும் கண்ணாலம் ஆவலியாம். உரலு காஞ்சு கெடந்தா, அவரு நம்ம ஊட்டுல நின்னு மோரு குடிப்பாரா?"

வரதன் குடத்தை வாங்கிக்கொண்டார்.

"அந்தாண்ட பழைய சட்டி ஒண்ணு கீது. அதுலயும் ஊத்தட்டுமா?"