வெள்ளைச் சுறா சாப்பிடவில்லை

அவன் கோலை நீட்டினான். நுனியில் ஒரு சீலா மீன்.

சுறா வந்தது. பார்த்தது. போய்விட்டது.

போய்க் கண்ணாடியில் மூக்கை இடித்தது.

பதின்மூன்று நாளாக இதே கதைதான். இடிப்பதும் ஒரே இடத்தில். அந்தப் பக்கம் கடல் இருப்பதாக அதற்கு ஒரு நினைப்பு.

அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் கடை.

பாலைவன நகரம் ஒன்றின் மால் அது. நடுவில் மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி. எந்தத் தொட்டியிலும் நிலைக்காத மீன் என்று பெயரெடுத்த வெள்ளைச் சுறாவை இங்கே நிலைக்க வைத்துவிடுவது என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. மீனைக் கேட்கவில்லை.

தெற்கே எங்கோ ஒரு கடலில் பிடித்து, தனி விமானத்தில் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு கால்நடை மருத்துவர். சுறாவுக்குக் கால் இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அவன் இங்கே வேலைக்கு வந்தபோது விமானத்தில் நடு இருக்கை. கூட யாரும் வரவில்லை.

மருத்துவர் கறாரான ஆள். பதினான்கு நாள் சாப்பிடாவிட்டால், பிடித்த கடலிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார். பயணச் செலவு கம்பெனியுடையது.

அன்று அறைக்குப் போனதும் அவன் தன்னுடைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தான். நாலு பக்கம். முன்னும் பின்னும் புரட்டினான். அப்படி ஒரு வரி இல்லை.

இரண்டு வருடம் என்று மட்டும் போட்டிருந்தது. இது நாலாவது வருடம். பாஸ்போர்ட்டைக் கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்பார்கள். அதில் சந்தேகமே இல்லை. அவன் கைக்கே கிடைக்காத அளவுக்குப் பத்திரம்.

புன்னைக்காயலில் சங்கு குளித்தவன். இங்கே தொட்டிக்குள் இறங்கிக் கண்ணாடி துடைக்கிறான். மேலே ஏறி வந்து தீனி போடுகிறான்.

பதின்மூன்று நாளாக எல்லோரும் அவனிடம் கேட்பது ஒன்றைத்தான். மேலாளர் கேட்கிறார். வாசல் காவலாளி கேட்கிறார். ஐஸ்கிரீம் கடைப் பெண்கூடக் கேட்கிறாள்.

சாப்பிட்டதா?

நாலு வருடத்தில் அவனைப் பார்த்து அதைக் கேட்டது ஒருத்திதான். அதுவும் போனில். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெசிந்தா கூப்பிடுவாள்.

"சாப்ட்டியளா?"

"ஆச்சு."

"என்ன கொழம்பு?"

"சீலா மீன் கொழம்பு."

மெஸ்ஸில் வாங்கிய ரொட்டி அப்போது குப்பைத் தொட்டியில் கிடக்கும். பாலைவனத்தில் தினமும் சீலாவா என்று மனைவி கேட்டதில்லை. அவள் நம்புகிறாள் என்று அவன் நம்பினான்.

இன்று பதினான்காம் நாள். காலை எட்டு மணி. மால் திறக்கவில்லை.

சூரை போட்டாயிற்று. சாளை போட்டாயிற்று. இன்றைக்குச் சீலா. ஊரில் கல்யாண வீட்டுக்கு வாங்குகிற மீன்.

மேற்பார்வையாளர் ஜெபராஜ் அண்ணன் நாகர்கோவில்காரர். நோட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ குடிக்கக் கிளம்பினார்.

"மக்கா, இன்னைக்கும் திங்கலேன்னா சாயங்காலம் பிளைட்டு அதுக்கு. குடுத்து வச்ச சவம்."

தின்னக் கூடாது என்று அவன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தான். மாதா குழம்பியிருக்கக்கூடும். சாப்பிட வை என்றுதான் இதுவரை எல்லோரும் வந்து நின்றிருப்பார்கள்.

சுறா இன்னொரு சுற்று வந்தது.

வயிறு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. முதல் நாள் இருந்த வேகத்தில் பாதிகூட இல்லை.

கோலைப் பிடித்தபடி அவன் குனிந்தான். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது.

"ஒரு வாய் சாப்புடு. கோவத்த வயித்துல காட்டாத."

சுறா திரும்பியது.

கோல் ஒரு வெட்டு வெட்டி, லேசானது.

நுனியில் மீன் இல்லை. தண்ணீரில் இரண்டு மூன்று செதில்கள் மினுங்கின. பிறகு அவையும் அமிழ்ந்தன.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பதின்மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவன். கடைசி நாளில் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

சுற்றும் முற்றும் பார்த்தான். ஒருவரும் இல்லை. வாளியில் மிச்சமிருந்த மீன்களை வழக்கம்போலப் பக்கத்துத் தொட்டித் திருக்கைகளுக்குக் கொட்டினான். அவை எதையும் விசாரிப்பதில்லை.

நோட்டைத் திறந்தான். தேதி. நேரம். கொடுத்த மீன். சாப்பிட்டதா?

'இல்லை' என்று எழுதினான். அவன் கையெழுத்து இவ்வளவு அழகாக என்றைக்கும் வந்ததில்லை.

ஜெபராஜ் அண்ணன் திரும்பி வந்து நோட்டைப் பார்த்தார். வெறுங்கோலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"திங்கலல்லா?"

"திங்கல அண்ணே."

கையெழுத்துப் போட்டார்.

பதினொன்றரைக்குக் கிரேன் வந்தது. தொட்டிக்கு மேலே, சுறாவைத் தூக்க, அகலமான தொட்டில் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் கடை முன்னால் கூட்டம். எல்லோர் கையிலும் போன். சுறா வந்து கண்ணாடியில் இன்னொரு தடவை இடித்தது. பழக்க தோஷம்.

பன்னிரண்டு மணி.

"சாப்ட்டியளா?"

பின்னால் அவள் குழம்பு கிண்டுகிற சத்தம் கேட்டது.

சீலா மீன் குழம்பு அவன் வாயில் தயாராக இருந்தது.

தொட்டில் தண்ணீரைத் தொட்டது.

"இல்ல" என்றான்.

கரண்டிச் சத்தம் நின்றது.

"எத்தன நாளா?" என்றாள்.