துணைவேந்தருக்கு இடமில்லை

துணைவேந்தருக்கு ரத்தம் கொதித்தது. அச்சுக்குப் போகவிருந்த பல்கலைக்கழக வரலாற்றைத் தூக்கி மேசையில் அறைந்தார். அதை எழுதிய பேராசிரியை, அவருடைய பழைய மாணவி, அசையாமல் நின்றாள்.

“கொத்தனாருக்கு ஒரு அத்தியாயம்! கேன்டீன்ல டீ ஆத்தினவருக்கு ரெண்டு பக்கம்! இத்தனை கட்டடத்தையும் எழுப்பின என் பேரு எங்கம்மா? கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டியே!”

“சார்...”

“பேசாதே! இப்படி எழுதச் சொல்லி எவன் உனக்குச் சொல்லிக்குடுத்தான்?”

“நீங்கதான் சார். ‘கோட்டையைக் கட்டினவன் கல்லு சுமந்தவன். உத்தரவு போட்ட ராஜா பேரை அடிச்சுட்டு எழுது’ன்னு முதல் வகுப்புலயே சொன்னீங்க. அதையே புத்தகமா எழுதித்தானே இந்த நாற்காலிக்கு வந்தீங்க?”

துணைவேந்தர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அது ராஜாக்களுக்குச் சொன்னதும்மா! எனக்கா சொன்னேன்?”