எங்கள் வீட்டு விரிசல்

எங்கள் தெருவுக்கு அடியில் வெகு ஆழத்தில், தண்ணீரையும் மணலையும் அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கிறோம். அந்த எரிவாயுக் கிணற்றின் அழுத்தத்தைக் கவனிப்பது என் வேலை. எனக்கு நிரந்தர வேலையும் தெருவுக்குப் புதுப் பள்ளிக்கூடமும் கிடைத்தது அதனால்தான்.

என் மனைவிக்குக் கூடத்துச் சுவரிலிருந்த விரிசல்தான் கவலை.

"இது இன்னும் ஒரு நூல் பெருசானா பாப்பாவக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க பாறையோட குடித்தனம் பண்ணுங்க."

"பெருசாகாது. நான் சொல்றேன்ல."

விரிசல் சிறுத்துக்கொண்டே வந்து ஒருநாள் காணாமல் போனது. யாரும் பூசவில்லை. அவள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"பாத்தியா? எங்க கிணத்தத் திட்டினியே!"

"போதும், ரொம்பப் பீத்திக்காதீங்க," என்று சிரித்துவிட்டு, கட்டிவைத்திருந்த பெட்டியைப் பிரித்தாள்.

பிறகு சமையலறைத் தரை ஓடுகளுக்கு இடையிலிருந்த கோடுகள் மறைந்தன. பெருக்கச் சுலபமாக இருக்கிறது என்றாள். அலமாரியின் இரண்டு கதவுகளும் ஒரே பலகையாயின. நல்ல மரம் அப்படித்தான் என்றேன்.

இன்று காலை, பள்ளிக்கு நேரமாகிறதென்று மகளை எழுப்பப் போனேன். அவள் அறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே நகம் நுழையக்கூட இடமில்லை. சுவரிலிருந்து கைப்பிடி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, கதவு திறக்கலப்பா," என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஜன்னலத் திறந்து வை, அப்பா அந்தப் பக்கமா வர்றேன்."

"அது நேத்தே மூடிக்கிச்சுப்பா. நல்லதுதானேன்னு நெனச்சு நான் சொல்லல."