எனிடுக்கு ஓர் உருளைக்கிழங்கு

“இந்த உருளைக்கிழங்கை எடுத்தே ஆகணும், மேவிஸ்.”

“முடியாது கண்ணு. அது மட்டும் அங்கேயே இருக்கட்டும்.”

டெஸ்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிப்பகத்தில் எடிட்டராகச் சேர்ந்து அவள் கைக்கு வந்த முதல் நாவல் இது. மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்துக் காதல் கதை. போரிலிருந்து திரும்பிய கதாநாயகன் சர் அல்ரிக், கோட்டை அடுக்களையில் பசியாறும் இடத்தில்தான் வில்லங்கம். சுடச்சுட உருளைக்கிழங்கு சூப்!

இதற்காகவே லண்டனிலிருந்து ரயிலேறி, எழுத்தாளர் மேவிஸ் ஆர்க்ரைட்டின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“உருளைக்கிழங்கு நம்ம நாட்டுக்கு வந்ததே அதுக்கு எரநூறு வருஷம் கழிச்சு. உங்களுக்குத் தெரியாதா?”

“ஏன் தெரியாம? காலம் பூரா இதைத்தானே எழுதிட்டிருக்கேன்.”

“அப்ப டர்னிப் கிழங்குன்னு மாத்திடலாமே!”

“சர் அல்ரிக்குக்கு டர்னிப் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு மேவிஸ் நிதானமாக டீயை உறிஞ்சினார்.

வயதாக ஆகப் பிடிவாதமும் கூடும் போலிருக்கிறது என்று டெஸ்ஸா மனதுக்குள் கறுவினாள். மற்ற தப்புகளையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு களையெடுத்திருந்தாள். இது ஒன்று தங்கிவிட்டால் ஊர் சிரிக்காதா?

“விமர்சனத்துல கிழிச்சுத் தொங்கவிட்டா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. என் வேலைக்குத்தான் வேட்டு.”

மேவிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

“எதிர் வீடு தெரியுதா? எனிட் பார்லோ. பள்ளிக்கூடத்துல சரித்திரம் நடத்தினவ. வீட்டுக்காரர் போனதும் கதவைச் சாத்தினவதான். சர்ச் கிடையாது, கடை கிடையாது. நான் போய்த் தட்டினாலும் திறக்க மாட்டா.”

“பாவம்தான். அதுக்கும் சூப்புக்கும் என்ன சம்பந்தம்?”

“அப்ப ஒரு நாவல்ல தெரியாத்தனமா தக்காளியை வெச்சுட்டேன். லைப்ரரில அதுக்குக் கூட்டம் நடக்குது, வீட்டுச் செருப்போட வந்து நிக்கிறா. ‘ஏன்டி மேவிஸ், அந்தக் காலத்துல ஏதுடி தக்காளி?’ன்னு எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்கிட்டா. அவ முகத்துல அப்படியொரு சந்தோஷம்! இருந்து எங்களோட கேக் சாப்பிட்டுட்டுத்தான் போனா.”

மேவிஸ் குரலைத் தாழ்த்தினார்.

“அதுலேர்ந்து புத்தகத்துக்கு ஒரு தப்பு, அவளுக்குன்னே வைக்கிறேன். அதைப் பிடிக்கறதுக்காகவே வெளிய வர்றா. அவளுக்கு இது தெரியாது. நீ வாயைத் திறந்துடாதே.”

டெஸ்ஸா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். உருளைக்கிழங்கு தப்பித்தது.

புத்தகம் வெளிவந்ததும் அதே லைப்ரரியில் கூட்டம். நல்ல மழை. அப்படியும் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேவிஸ் ஓர் அத்தியாயம் வாசித்து முடித்தார். கேள்வி உண்டா என்று கேட்பதற்குள் முன்வரிசையில் ஒரு கைத்தடி உயர்ந்தது.

“மேவிஸ்! பக்கம் பக்கமா எழுதத் தெரியுது. அந்தக் காலத்து அடுக்களைல உருளைக்கிழங்கு இருக்குமான்னு யோசிக்கத் தெரியலையா?”

கூட்டம் சிரித்தது. மேவிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயையோ! உன் கண்ணுல மட்டும் எப்படிடி படுது?”

‘என்ன நடிப்பு!’ என்று வியந்துபோனாள் டெஸ்ஸா. பின்னால் யாரோ, “இந்தம்மாவுக்கு எப்பப் பாரு குத்தம் கண்டுபிடிக்கறதே வேலை” என்று முணுமுணுத்தார்கள். விஷயம் தெரிந்தவள் என்ற மிதப்பில் டெஸ்ஸா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

டீ வேளையில், தட்டில் இரண்டு ஸ்கோன் ரொட்டிகளோடு எனிடிடம் போனாள்.

“பிரமாதம்! நான் எடிட்டர். எனக்கே படலையே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

எனிட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மேவிஸ் தூரத்து மேஜையில் புத்தகங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“உருளைக்கிழங்கா? அது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவ எனக்குன்னே வைக்கிறா. எப்பவோ புரிஞ்சு போச்சு. நான் காட்டிக்கறதில்ல.”

வாய்க்குக் கொண்டுபோன ஸ்கோனை டெஸ்ஸா தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

“அவ வைக்காம, தானா வந்த தப்பு வேற இருக்கு. சர் அல்ரிக் சட்டைப் பையிலேர்ந்து மோதிரம் எடுக்கறானே, அப்ப ஏது சட்டைல பை? இடுப்புல தொங்கற சுருக்குப் பைதான். அப்புறம் கதாநாயகி தோட்டம் பூரா துலிப்பு! துலிப் பூவும் உங்க உருளைக்கிழங்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல இங்க வந்து இறங்கினதும்மா.”

டெஸ்ஸாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மேவிஸ் எழுதியிருந்தது ரோஜா. ரோஜா ரொம்பப் பழசு என்று அடித்துவிட்டுத் துலிப் போட்டவள் சாட்சாத் அவள்தான்.

“அதையெல்லாம்... ஏன் கூட்டத்துல சொல்லலை?”

எனிட் அந்த மேஜைப் பக்கம் திரும்பினார். மேவிஸ் யாரிடமோ ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவளா வெச்சதைச் சொன்னா இப்படிச் சிரிப்பா. தெரியாம வந்ததைச் சொன்னா, தனக்கு வயசாயிடுச்சுன்னு பேனாவை மூடிட்டு வீட்டுக்குள்ள முடங்கிடுவா. அப்புறம் அவளை வெளிய கொண்டுவர நான் உட்கார்ந்து காதல் கதை எழுதணும். எனக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது!”